எழுவாய் எங்கே? மாற்றத்தைப் பற்றித் தொழில்நுட்பத் தலைவர்கள் பேசும் மொழி

தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்கள் சொல்லிப் பொய்த்துப்போன ஆரூடங்களைத் தொகுத்துவைத்துச் சிரிப்பது நெடுநாள் வழக்கம். உலகம் முழுவதற்கும் ஐந்து கணினிகள் போதும் என்று ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் 1943இல் சொன்னாராம். வீட்டில் கணினி வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை என்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கென் ஓல்சன் 1977இல் சொன்னாராம். இந்தத் தொகுப்புகளிலேயே ஒரு சிக்கல் உண்டு. வாட்சன் அப்படிச் சொன்னதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஓல்சனோ, வீட்டின் விளக்கு முதல் சமையல் வரை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மையக் கணினியைத்தான் மறுத்ததாகப் பின்னாளில் விளக்கம் சொன்னார். நாம் சிரிப்பதற்காக அவர்களின் சொற்கள் கொஞ்சம் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியே சொல்லியிருந்தாலும் அது பெரிய குற்றம் அல்ல. எதிர்காலத்தைத் தவறாகக் கணிக்காதவர் எவரும் இல்லை. ஒரு தலைவரின் பேச்சைக் கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்று மட்டும் பார்த்தால், அதைச் சோதிடக் குறிப்பாகவே படிக்கிறோம். பள்ளி இலக்கண வகுப்பில் கேட்கும் கேள்விகளே இங்கே அதிகம் உதவும். இந்த வாக்கியத்தில் எழுவாய் எது? செய்தவர் யார்? யாருக்குச் செய்யப்பட்டது?

இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்க நோக்கியாவின் 2007 முதல் 2014 வரையான காலம் பொருத்தமானது. அக்காலத்தில் பேசியவர்கள் எஸ்போவிலும் ரெட்மண்டிலும் இருந்தார்கள். அந்தப் பேச்சின் மறுமுனை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது.

சிரிப்புக் காலம்

2007 ஜனவரியில் ஆப்பிள் ஐபோனை அறிவித்தபோது, மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வாய்விட்டுச் சிரித்தார். 500 டாலர் விலையா, உலகிலேயே விலை கூடிய தொலைபேசி ஆயிற்றே என்றார். விசைப்பலகை இல்லாததால் அலுவலகக்காரர்களுக்குப் பிடிக்காது என்றார். இந்தக் காணொளி இன்றும் கேலிக்காகப் பகிரப்படுகிறது. ஆனால் விலை பற்றி அவர் சொன்னது அவ்வளவு தவறில்லை. விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு செப்டம்பரில், ஆப்பிள் விலையில் 200 டாலரைக் குறைக்க வேண்டியிருந்தது.

நோக்கியாவின் மூத்த நிர்வாகி அன்சி வன்யோக்கி 2010இல் சொன்னது இன்னும் சுவையானது. கூகுளின் ஆண்ட்ராய்டை ஏற்கும் நிறுவனங்களை அவர் ஃபின்லாந்துப் பையன்களோடு ஒப்பிட்டார். கடுங்குளிரில் கால்சட்டையிலேயே சிறுநீர் கழித்தால் சற்று நேரம் கதகதப்பாக இருக்கும். பிறகு நிலைமை முன்னைவிட மோசமாகும் என்பது அதன் பொருள். உலகம் சிரித்தது. ஆனால் பின்னாளில் நடந்ததைப் பாருங்கள். ஆண்ட்ராய்டை நம்பிய எச்.டி.சி. தன் கைபேசிப் பொறியாளர் அணியில் ஒரு பகுதியை 2017இல் கூகுளுக்கே விற்றது. எல்.ஜி. 2021இல் கைபேசித் தொழிலை விட்டே விலகியது. வன்யோக்கியின் உவமை பலருக்குப் பலித்தது. அதனால் நோக்கியாவுக்குத்தான் எந்தப் பயனும் இல்லை.

இவர்கள் சோதிடர்கள் அல்லர், விற்பனையாளர்கள். நிறுவனத் தலைவர் பொதுவில் பேசும்போது பங்குதாரர், வாடிக்கையாளர், ஊழியர், போட்டியாளர் என நான்கு தரப்பினர் காதுகொடுக்கிறார்கள். ‘எதிர்க்கடைச் சரக்கு நம்முடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது’ என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். எனவே பால்மரின் சிரிப்பை அவருடைய அறியாமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. உள்ளே அவர் என்ன நினைத்தார் என்பதையும் அது சொல்லாது. கடை திறந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

எரியும் மேடை

கடைக்காரர் உண்மையைப் பேசினால் என்ன ஆகும்? அதற்கும் நோக்கியாவிலேயே விடை இருக்கிறது.

மைக்ரோசாஃப்டிலிருந்து வந்து 2010 செப்டம்பரில் நோக்கியாவின் தலைவரான ஸ்டீஃபன் ஈலாப், 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது உடனே வெளியே கசிந்தது. வட கடலில் எண்ணெய்க் கிணற்று மேடை ஒன்று தீப்பற்றுகிறது. அதில் நிற்கும் ஒருவருக்கு இரண்டே வழிகள்: தீயில் கருகலாம், அல்லது உறைபனிக் கடலில் குதிக்கலாம். அவர் குதிக்கிறார், பிழைக்கிறார். நாமும் எரியும் மேடையில்தான் நிற்கிறோம் என்றார் ஈலாப். போட்டியாளர்கள் எங்கே முந்தினார்கள், நோக்கியா எங்கே பின்தங்கியது என்பதை ஒளிக்காமல் எழுதினார். பொறுப்பேற்பும் தலைமையும் போதாமல் போயின என்றும், எரியும் மேடையில் எண்ணெய் ஊற்றியதே நாம்தான் என்றும் ஒப்புக்கொண்டார். நிறுவனத் தலைவர்களிடம் காணக் கிடைக்காத நேர்மை இது. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உட்காருபவர் முதல் பக்கத்திலேயே திணறுவார். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கிவிட்டால் ‘நாங்கள்’. கடிதத்தில் குற்றம் பேசப்படும் இடமெல்லாம் ‘நாம்’: நாம் பின்தங்கினோம், நாம் ஒத்துழைக்கவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன் வந்தவரும் இருபது ஆண்டுகளாக இருப்பவரும் அந்த ‘நாம்’ என்ற சொல்லில் சமமாக அடங்குகிறார்கள். சில நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சொந்த இயங்குதளமான சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதைத் தமிழில் ‘நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்’ என்றுதான் எழுத முடியும். பிழை எல்லோருடையது, முடிவு சிலருடையது. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. தமிழ் திறந்து காட்டிவிடுகிறது.

உவமையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எண்ணெய் மேடைக் கதையில் குதிக்க முடிவெடுத்தவரும் தண்ணீரில் விழுந்தவரும் ஒரே ஆள். நோக்கியாவில் முடிவெடுத்தவர்கள் வேறு, குதித்தவர்கள் வேறு. 2013 செப்டம்பரில் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அப்போது ஈலாபுக்கு 1.88 கோடி யூரோ கிடைக்கும் என்று தெரியவந்து ஃபின்லாந்தில் பெரும் கண்டனம் எழுந்தது. குதிக்கச் சொன்னவருக்கு முன்கூட்டியே படகு கட்டப்பட்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. சிம்பியனுக்கு எதிர்காலம் இல்லை என்று பிப்ரவரியிலேயே அறிவித்தாயிற்று. அதற்கு மாற்றான லூமியா கடைக்கு வந்ததோ நவம்பரில். இடைப்பட்ட மாதங்களில், உற்பத்தியாளரே கைகழுவிய கைபேசியை யார் வாங்குவார்? 2010இன் கடைசிக் காலாண்டில் 2.83 கோடி திறன்பேசிகளை விற்ற நோக்கியா, 2011இன் இரண்டாம் காலாண்டில் 1.67 கோடிதான் விற்றது. சிம்பியனின் சந்தைப் பங்கு முன்பே சரிந்துகொண்டுதான் இருந்தது. முழுப் பழியையும் ஓர் அறிவிப்பின்மேல் போட முடியாது. ஆனாலும் தலைவரின் வாக்கியம் நடப்பை விவரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. நடப்பில் தானும் ஒரு கை போடுகிறது. தீப்பற்றிவிட்டது என்று கூவிய குரலே காற்றாகவும் வீசியது.

ஈலாபைப் பற்றித் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை சுற்றுகிறது. விற்பனை அறிவிப்புக் கூட்டத்தில் ‘நாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் எப்படியோ தோற்றுவிட்டோம்’ என்று சொல்லிக் கண்ணீர் விட்டாராம். ‘மாற்றம் ஒன்றே மாறாதது, கற்றுக்கொண்டே இருங்கள்’ என்பது கதையின் நீதி. அப்படி நடந்ததற்கு நம்பத்தக்க பதிவு இல்லை. ‘தவறு நம்முடையது’ என்று 2011இலேயே எழுதியவரின் வாயில் ‘தவறே செய்யவில்லை’ என்ற சொல் எப்படி வந்தது? நீதிக்கு அது தேவைப்பட்டது. செய்தவர் இல்லாத தோல்வியாக இருந்தால்தான், படிக்கும் ஊழியர் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்வார். மாற்றம் வந்தது, நீ கற்கவில்லை, போனாய். கணக்கு முடிந்தது.

இரண்டு கடிதங்கள்

2014 ஜூலை 17 அன்று மைக்ரோசாஃப்ட் 18,000 பேர் வரை வேலைநீக்கம் செய்வதாக அறிவித்தது. அவர்களில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். அன்று இரண்டு கடிதங்கள் ஊழியர்களுக்குப் போயின.

புதிய தலைவர் சத்ய நாதெள்ளாவின் கடிதத் தலைப்பு, நமது அமைப்பும் பண்பாடும் பரிணமிக்கத் தொடங்குவதைப் பற்றியது. பரிணாமம் என்பது இயற்கையின் வேலை. அதற்கு மேலாளர் கிடையாது, பணிநீக்கக் கடிதமும் கிடையாது. ஆயினும் அவர் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

கைபேசிப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஈலாபின் கடிதம் நண்பருக்கு எழுதுவதுபோல ஒரு ‘ஹலோ’வுடன் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் உத்தி, பயனர் அனுபவம், எந்த வகைக் கைபேசி எந்தச் சந்தைக்கு என்று பத்தி பத்தியாக ஓடியது. வெகுதூரம் போன பிறகே, இவற்றின் விளைவாக 12,500 பேர் குறைவார்கள் என்று மதிப்பிடப்படுவதாக ஒரு வாக்கியம் வந்தது. அந்த வாக்கியத்தில் குறைப்புக்குக் காரணமாக நிற்பது ‘இது’. எது? மேலே சொன்ன அத்தனையும். அமெரிக்க இதழ்கள் அக்கடிதத்தைக் கிண்டல் செய்தன. மூன்றாண்டுகளுக்கு முன் எண்ணெய் மேடைக் கதையை அவ்வளவு உயிரோட்டமாகச் சொன்ன அதே கைதான் இதையும் எழுதியது. எழுதத் தெரியாமல் நேர்ந்தது அல்ல இது.

அடுத்த ஆண்டு, 2015 ஜூலையில், நோக்கியாவை வாங்கிய வகையில் 760 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ளியது மைக்ரோசாஃப்ட். மேலும் 7,800 பேர் வரை நீக்கப்பட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில்

இனி அந்த வாக்கியங்கள் வந்து இறங்கிய இடத்துக்கு வருவோம். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். சுற்று மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அவர்களில் ஏராளம். 2013இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. பிறகு தமிழக அரசும் சுமார் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. வழக்கில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுடனான விற்பனையில் இந்த ஆலை சேரவில்லை. சில மாதம் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்தத்தில் கைபேசி செய்துகொடுத்தது. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

ஆலையை யார் மூடினார்கள்? நோக்கியாவைக் கேட்டால், சொத்து முடக்கம் என்றது. அரசுத் தரப்பைக் கேட்டால், வரி கட்டாத நிறுவனம். மைக்ரோசாஃப்டுக்கு, மாறிவிட்ட சந்தை. ஒவ்வொருவர் வாக்கியத்திலும் எழுவாய் இன்னொருவர். காரணங்கள் பல என்பது உண்மைதான். ஆனால் பல பேர் சேர்ந்து செய்த ஒரு செயல், யாருமே செய்யாத செயலாக ஆகிவிடாது.

உற்பத்தி நிற்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வு’ பெற்றுச் சென்றார்கள். ஓய்வு என்ற சொல்லை நாம் அறுபதை ஒட்டிய வயதுக்கு வைத்திருக்கிறோம். இருபத்தைந்து வயதில் ஓய்வு, அதுவும் விருப்பத்தோடு! இங்கே எழுவாய் தெளிவாகவே இருக்கிறது. விரும்பியவர் தொழிலாளி. முடிவெடுத்த அத்தனை பேருடைய வாக்கியங்களிலும் செய்தவர் மறைந்திருக்க, முடிவெடுக்காத ஒருவரின் பெயர் மட்டும் செய்தவர் இடத்தில் எழுதப்பட்டுவிட்டது.

புதிய எழுவாய்

அன்று ‘சந்தை’ இருந்த இடத்தில் இன்று ‘செயற்கை நுண்ணறிவு’ உட்கார்ந்திருக்கிறது. 2025 ஜூனில் அமேசான் தலைவர் ஆண்டி ஜாஸி ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், செயற்கை நுண்ணறிவால் வரும் ஆண்டுகளில் அலுவலகப் பணியாளர் எண்ணிக்கை குறையும் என்றார். அக்டோபர் இறுதியில் சுமார் 14,000 அலுவலகப் பணிகள் நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. சில நாளில் முதலீட்டாளர்களிடம் பேசிய ஜாஸி, இதற்குக் காரணம் பணம் அல்ல, இப்போதைக்குச் செயற்கை நுண்ணறிவும் அல்ல, பண்பாடு என்றார். ஜூனில் எழுவாயாக நின்றது அக்டோபரில் காணாமல் போனது.

ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024இல், தன் உரையாடல் மென்பொருள் 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. 2025இல் அதன் தலைவர், தரம் குறைந்ததை ஏற்று, வாடிக்கையாளர் சேவைக்கு மறுபடி மனிதர்களை எடுப்பதாகச் சொன்னார். 700 பேருக்கான வேலையை இயந்திரம் பார்த்தபோது செய்தி பெரிது. மனிதர் திரும்பியபோது செய்தி சிறிது.

சென்னையில் பெரும் எண்ணிக்கையில் ஊழியர்களைக் கொண்ட டி.சி.எஸ்., 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களை, விடுவிப்பதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாமையும் பணியில் அமர்த்த இயலாமையுமே காரணம் என்றார் அதன் தலைவர் கே. கிருத்திவாசன். ‘திறன் பொருந்தவில்லை’ என்ற வாக்கியத்தைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். யாருடைய திறன், எதனோடு பொருந்தவில்லை? அவர்களை வேலைக்கு எடுத்ததும், எந்தத் திட்டத்தில் போடுவது என்று தீர்மானித்ததும், எந்தப் பயிற்சி கொடுப்பது என்று முடிவெடுத்ததும் நிறுவனம். வாக்கியத்தில் மிஞ்சியிருப்பதோ ஊழியரின் திறன் மட்டும்.

மறுப்பும் விடையும்

தொழில்நுட்ப மாற்றம் எந்தத் தனிமனிதர் கையிலும் இல்லையே, தலைவர்களும் அலையில் மிதக்கும் கட்டைகள்தானே என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. தொடுதிரை வந்ததற்கு ஈலாப் பொறுப்பல்ல. ஆனால் அலை என்பது வேறு, அதில் யாரைப் படகில் ஏற்றுவது, யாரைக் கடலில் விடுவது என்பது வேறு. இரண்டாவது எப்போதும் ஒரு முடிவு. முடிவுக்கு ஆள் உண்டு.

வேறு மாதிரிப் பேசவும் முடியும். 1980களின் நடுவில் இன்டெல், தன்னை வளர்த்த நினைவகச் சில்லுத் தொழிலைக் கைவிட்டது. பின்னாளில் ஆண்டி குரோவ் அந்த முடிவைப் பற்றி எழுதியபோது, நானும் கார்டன் மூரும் எவ்வளவு காலம் தயங்கினோம், எங்கே தடுமாறினோம் என்று தன்மை இடத்தில் நின்றே எழுதினார். வேலை இழந்தவர்களுக்கு அதனால் வேலை திரும்பவில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதாவது தெரிந்தது. ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப், 1996இல் இணையம் நொறுங்கிவிழும் என்று எழுதியிருந்தார். விழவில்லை. 1997இல் ஒரு மாநாட்டு மேடையில், தன் கட்டுரைத் தாளை மிக்சியில் போட்டு அரைத்துச் சாப்பிட்டார். சொன்ன சொல்லுக்குச் சொன்னவரே வயிற்றைக் கொடுத்தது இந்தத் துறையில் அரிய நிகழ்ச்சி.

தமிழ் வினைமுற்று இதில் நமக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. எழுவாயை மறைத்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ‘நீக்கினேன்’ என்றால் நான், ‘நீக்கினார்கள்’ என்றால் அவர்கள். தப்பிக்க வேண்டுமானால் ‘நீக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினைக்கோ, ‘மாற்றம் வந்தது’ என்று அஃறிணைக்கோதான் ஓட வேண்டும். ஆகவே அடுத்த முறை ஒரு நிறுவனத் தலைவர் மாற்றத்தைப் பற்றிப் பேசியதாகச் செய்தி வந்தால், அதைச் செய்வினையில் ஒரு முறை மாற்றி எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் எங்கே பேனா நிற்கிறதோ, அங்கேதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

மூடிக்கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2019இல் அறிவிப்பு வந்தது. சால்காம்ப், ஐபோனுக்கு மின்னூட்டி செய்து தரும் நிறுவனம். பால்மர் எந்தக் கைபேசியைப் பார்த்துச் சிரித்தாரோ, அதற்கான வேலை அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. இதை ‘மாற்றம்’ என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். 2014இல் இருபத்தைந்து வயதில் ‘விரும்பி’ ஓய்வு பெற்ற பெண்ணுக்கு அப்போது முப்பது வயது ஆகியிருக்கும். அவரைப் பற்றிச் சொல்ல இன்னொரு வாக்கியம் தேவை.